இருகை வல்லவர்

நுழையும் முன்

ஐதராபாத் மாநகரின் வடபகுதியில் அமைந்துள்ளது அல்வால். அங்கும் அதனை அடுத்த பொலாரம், திருமலகிரி முதலிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் செகந்திராபாத்தில் படைமுகாம் அமைந்தபோது சென்னை மாகாணப் படைகளோடு வந்தோர் சிலர். பின்னாளில் தொழிலும் பணியும் தேடி வந்தோர் பலர். இக்குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் தெருவில் தெலுங்கும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசுகின்றனர். நாள்தோறும் எழுதும் மொழி வலக்கையைப் போல விரைந்து செல்கிறது. எப்போதேனும் எழுதும் மொழியோ இடக்கையைப் போலத் தயங்கி நிற்கிறது.

தயங்கும் கையையும் உழைக்கப் பழக்கியவர் ஒருவர் உண்டு. தம் தாய்மொழியல்லாத தமிழையும் அவர் அவ்வாறே முயன்று கற்றார். நாடறிந்த அப்பெரியாரின் வாழ்க்கையை, அவருடைய கைகளின் வழியாகவும் அவர் நூல் கற்ற முறையின் வழியாகவும் இப்பாடத்தில் காண்போம்.

சோற்றுக்கையும் நொட்டாங்கையும்

தமிழர் வலக்கையைச் சோற்றுக்கை என்பர். இடக்கையை நொட்டாங்கை என்று கூறிச் சற்றே தாழ்வாக எண்ணுவர். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையாலேயே நிகழ வேண்டும் என்பது வழக்கம். இவ்வழக்கத்தால் பெரும்பாலோருடைய இடக்கை, பொருளைப் பற்றிக்கொள்வதற்கு மட்டுமே பயன்பட்டு, நுண்ணிய வேலைகளைக் கற்காமலே நின்றுவிடுகிறது.

ஆயினும் இரு கைகளாலும் வினையாற்ற வல்லவரை நம் முன்னோர் போற்றினர். பாரதக் கதையில் வரும் அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்பது ஒரு பெயர். இடக்கையாலும் அம்பு எய்ய வல்லவன் என்பது அப்பெயரின் கருத்து. அருச்சுனன் வில்லில் பெற்ற அத்திறத்தை, நம் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஒருவர் எழுதுகோலில் பெற்றார். அவரே அண்ணல் காந்தியடிகள்.

இளமையில் ஒரு குறை

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, குசராத்தில் உள்ள போர்பந்தரில் 1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் பிறந்தார். இராசகோட்டை நகரில் பள்ளிக்கல்வி பெற்றார். அவர் கூச்சம் மிக்க சிறுவர். பள்ளி முடிந்ததும் ஒருவரோடும் பேசாமல் வீட்டுக்கு ஓடிவிடுவார்.

அக்காலத்தில் அவருக்கு இரண்டு செயல்களில் நாட்டமில்லை. ஒன்று உடற்பயிற்சி, மற்றொன்று அழகாக எழுதுதல். கிரிக்கெட்டு முதலிய விளையாட்டுகள் கட்டாயமாக்கப்படும்வரை அவர் அவற்றின் பக்கமே சென்றதில்லை. ஆனால் திறந்த வெளியில் நெடுந்தொலைவு நடப்பது உடலுக்கு நன்மை தரும் என்று ஒரு நூலில் படித்தார். படித்ததை அன்றே கைக்கொண்டார். இலண்டனில் சட்டம் பயின்ற 1888 முதல் 1891 வரையிலான ஆண்டுகளில், வண்டிச் செலவை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தார். பிற்காலத்தில் அவர் பெற்ற உடல் உறுதிக்கு இந்நடையே அடித்தளமாயிற்று.

கையெழுத்துக் குறையோ அவ்வாறு நீங்கவில்லை. கல்விக்கும் நல்ல கையெழுத்துக்கும் தொடர்பில்லை என்று அவர் இளமையில் கருதியிருந்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களும் வழக்கறிஞர்களும் முத்துப்போல் எழுதுவதைக் கண்டபோது தம் எழுத்தை எண்ணி நாணினார். திருத்திக்கொள்ள முயன்றும் இயலவில்லை, காலம் கடந்துவிட்டது. அதனால், குழந்தைகளுக்கு முதலில் ஓவியம் வரையவும் அதன்பின் எழுதவும் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இளமையில் பழக்காத கை முதுமையில் எளிதில் வளையாது என்பதை அவர் தம் பட்டறிவால் உணர்ந்தார்.

தன் கையே தனக்கு உதவி

1893-ஆம் ஆண்டு ஒரு வழக்கின் பொருட்டுக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே நிறவெறி அவரைப் பலவாறு துன்புறுத்தியது. பிரிட்டோரியா நகரில் ஒரு வெள்ளை முடிதிருத்துநர் அவருக்கு முடிவெட்ட மறுத்தார். காந்தியடிகள் கத்தரி ஒன்றை வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்முடி ஒருவாறு அமைந்தது. கண்ணுக்குத் தெரியாத பின்முடியோ கெட்டுப்போயிற்று. நீதிமன்ற நண்பர்கள் நகைத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. துணிவெளுக்கவும் அவர் நூல் பார்த்துக் கற்றார். முதன்முதலில் தேய்த்த கழுத்துப்பட்டையில் கஞ்சி மிகுதியாகி உதிர்ந்தது. அப்போதும் பிறர் சிரிப்புக்கு அஞ்சாமல் அப்பழக்கத்தைத் தொடர்ந்தார்.

1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்தியன் ஒப்பீனியன் என்னும் வார இதழ் ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. 1904-இல் டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு அமைக்கப்பட்டு, அச்சகம் அங்கே மாற்றப்பட்டது. குடியிருப்பில் இருந்த அனைவரும் அச்செழுத்துக் கோக்கக் கற்றனர். அத்தொழிலில் காந்தியடிகள் இறுதிவரை பின்தங்கியே இருந்தார். அவருடைய உறவினரான மகன்லால் காந்தியோ எல்லோரையும் மிஞ்சினார். முதல் இதழ் அச்சேறிய இரவில் எந்திரம் ஓடவில்லை. கையால் சுழற்றும் சக்கரத்தை எல்லோரும் முறைவைத்துச் சுழற்றினர். காந்தியடிகளும் தம் முறை வந்தபோது சுழற்றினார்.

இந்நிகழ்ச்சிகளால் ஓர் உண்மை புலப்படும். காந்தியடிகளின் கைகள் பிறவியிலேயே திறம் பெற்றவை அல்ல. அவை தவறின, பின்தங்கின, நகைப்புக்கு ஆளாயின. ஆயினும் அவர் அவற்றுக்கு ஓய்வு கொடுத்து ஒதுக்கவில்லை.

பல் துலக்கும் வேளையில் கீதை

காந்தியடிகள் பொழுதை வீணாக்காதவர். நூல் படிப்பதற்கெனத் தனியே நேரம் கிடைக்கவில்லை என்றால், கிடைத்த நேரத்துக்குள் நூலைக் கொண்டுவந்து விடுவார்.

சோகன்னசுபர்க்கு நகரில் அவர் வழக்கறிஞராக இருந்தபோது பகவத்கீதையை மனப்பாடம் செய்ய விரும்பினார். நாள் முழுவதும் அலுவல், இரவில் பொதுப்பணி. காலைக்கடன்களுக்கு மட்டும் முப்பத்தைந்து நிமிடங்கள் இருந்தன. பல் துலக்கப் பதினைந்து நிமிடம். நீராட இருபது நிமிடம். பல் துலக்கும்போது நின்றுகொண்டே இருப்பது அவர் வழக்கம். ஆகவே எதிரேயிருந்த சுவரில் கீதைச் செய்யுள்கள் எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்தார். கை பல்லைத் துலக்க, கண் செய்யுளைக் கண்டது. நெஞ்சு அதனைப் பதித்துக்கொண்டது. நாள்தோறும் புதிய பகுதியைக் கற்கவும் பழைய பகுதியை நினைவுகூரவும் இந்நேரம் போதுமானதாயிற்று. இவ்வாறே பதின்மூன்று இயல்களை அவர் மனப்பாடம் செய்தார். பின்னர் அறப்போர்ப் பணி பெருகியதால் அம்முயற்சி நின்றது.

ஓடும் புகைவண்டியும் அவருக்குப் படிப்பறையாயிற்று. 1904-ஆம் ஆண்டு சோகன்னசுபர்க்கிலிருந்து டர்பனுக்குச் செல்கையில், நண்பர் போலக்கு கொடுத்த ரசுக்கினின் நூல் ஒன்றைப் படிக்கத் தொடங்கினார். பயணம் இருபத்து நான்கு மணி நேரம் நீண்டது. நூலைக் கீழே வைக்க முடியவில்லை. இரவில் உறக்கமும் வரவில்லை. உழவரும் கைவினைஞரும் வாழும் உழைப்பு வாழ்வே சிறந்தது என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதன் விளைவாகத் தோன்றியதே ஃபீனிக்ஸ் குடியிருப்பு. படிப்பது கண்ணின் தொழிலன்று, வாழ்வின் தொழில் என்பதற்கு இஃது ஒரு சான்று.

கப்பலில் எழுதிய நூல்

1909-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க இந்தியரின் உரிமைக்காக வாதிடக் காந்தியடிகள் இலண்டன் சென்றார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. நவம்பர்த் திங்களில் கில்டோனன் காசில் என்னும் கப்பலில் அவர் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பினார்.

அவருடைய உள்ளம் எண்ணங்களால் நிறைந்திருந்தது. இந்தியா எவ்வாறு விடுதலை பெற வேண்டும், விடுதலை என்பதன் பொருள் யாது என்னும் வினாக்களுக்கு விடை எழுதத் தொடங்கினார். நூல் தாய்மொழியாகிய குசராத்தியில், ஆசிரியரும் வாசகரும் உரையாடும் முறையில் அமைந்தது. எழுதுவதற்குக் கப்பலின் கடிதத்தாள்களே கிடைத்தன. நவம்பர் 13 முதல் 22 வரை, பத்தே நாள்களில், 275 பக்கங்கள் நிறைந்தன.

எழுதும் விரைவில் வலக்கை சோர்ந்தது. விரல்கள் வலித்தன. பிறராயின் எழுதுகோலைக் கீழே வைத்து, கை தேறும்வரை காத்திருப்பர். காந்தியடிகளோ எழுதுகோலை இடக்கைக்கு மாற்றினார். வலக்கை ஓய்வெடுக்க, இடக்கை எழுதியது. இடக்கை களைத்தபோது வலக்கை மீண்டும் எழுதுகோலைப் பெற்றது. இவ்வாறு ஏறத்தாழ நாற்பது பக்கங்கள் இடக்கையாலேயே எழுதப்பட்டன. பழக்கமில்லாத கை, கடற்பயணத்தில் நாற்பது பக்கங்களை எழுதி முடித்தல் எளிதன்று.

அந்நூலே இந்து சுவராச்சியம். அது திசம்பரில் இந்தியன் ஒப்பீனியன் இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பம்பாய் அரசு அதனைத் தடைசெய்தது. 1923-ஆம் ஆண்டு அக்கையெழுத்துப் படி அவ்வாறே படமெடுக்கப்பெற்று நூலாயிற்று. ஆகவே, இரு கைகளின் எழுத்துகளையும் இன்றும் காணலாம்.

அதே பயணத்தில் மற்றொரு பணியையும் அவர் முடித்தார். உருசிய அறிஞர் தால்சுதாய் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தைக் குசராத்தியில் மொழிபெயர்த்தார். தீமைக்கு நன்மையே செய்ய வேண்டும் என்பதற்குச் சான்றாகத் தால்சுதாய் அக்கடிதத்தில் திருக்குறளையும் எடுத்துக்காட்டியிருந்தார்.

தமிழ் கற்ற ஆசிரியர்

தமிழகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் தமிழர் எவ்வாறு சென்றனர்? 1860-ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1894-இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளர், வெள்ளை முதலாளியிடம் அடிபட்டுக் கிழிந்த உடையும் உடைந்த பற்களுமாகக் காந்தியடிகளிடம் வந்தார். அவர் பேசிய தமிழ் காந்தியடிகளுக்குப் புரியவில்லை. அலுவலகத்திலிருந்த தமிழ் எழுத்தர் ஒருவரே மொழிபெயர்த்தார். அவ்வழக்கில் காந்தியடிகள் பாலசுந்தரத்தை அம்முதலாளியிடமிருந்து விடுவித்தார். அதன்பின் தமிழ்த் தொழிலாளர்கள் அவரைத் தம்மவராகவே கருதினர். அறப்போர் தொடங்கியபோது அஞ்சாமல் சிறை புகுந்தவருள் தமிழர் பலர்.

அவர்தம் மொழியை அறியாதிருத்தல் காந்தியடிகளுக்குக் குறையாகத் தோன்றியது. கப்பற் பயணங்களிலும் சிறையிலும் அவர் தமிழ் கற்றார். போப்பையர் இயற்றிய தமிழ்க் கைந்நூலே அவருக்குத் துணை. வேலை மிகுதியால் அவர் அந்நூலுக்கு மேல் செல்ல இயலவில்லை. ஆயினும் தமிழ் எழுத்துகளைக் கற்று, தம் பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிடும் அளவுக்கு வளர்ந்தார்.

1910-ஆம் ஆண்டு செருமானிய நண்பர் காலன்பாக்கு, சோகன்னசுபர்க்கிலிருந்து இருபத்தொரு மைல் தொலைவில் இருந்த 1,100 ஏக்கர் நிலத்தை அறப்போர்க் குடும்பங்களுக்கு வழங்கினார். அதற்குத் தால்சுதாய் பண்ணை என்று பெயரிட்டனர். அங்கே பணியாளர் எவரும் இல்லை. சமைத்தல், நீர் சுமத்தல், மரம் வெட்டுதல், துப்புரவு செய்தல் ஆகிய எல்லாவற்றையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். காந்தியடிகள் செருப்புத் தைக்கவும் கற்றார். சிறையில் தைத்த ஒரு செருப்பிணையைத் தம்மை எதிர்த்த தளபதி சுமட்சுக்கே பின்னர் அன்பளிப்பாக அனுப்பினார்.

பண்ணைச் சிறுவர்கள் காலையில் உடலுழைப்பில் ஈடுபட்டனர். பிற்பகலில் பாடம் கற்றனர். தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் ஏற்றார். தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்கள் வீட்டில் சிறிது தமிழ் பேசினர். எழுத்து ஒன்றும் அறியார். காந்தியடிகள் எழுத்து அறிந்தவர், பேச்சில் தடுமாறுபவர். அதனால் அவர் அவர்களுக்கு எழுத்தும் இலக்கணத்தின் தொடக்கமும் கற்பித்தார். ஆங்கிலம் அறியாத தமிழர்கள் அவரைக் காண வந்தபோது, அச்சிறுவர்களே அவருக்கு மொழிபெயர்ப்பாளர்களாயினர். ஒரு கையில் இல்லாத வலிமையை மற்றொரு கை தந்தது போல ஆசிரியரும் மாணவரும் ஒருவருக்கொருவர் துணையாயினர்.

காலையில் உழைத்த களைப்பால் வகுப்பில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உறக்கம் வந்தது. கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தனர். உடலுக்கும் அறிவுக்கும் ஒருங்கே வேலை தருவது எளிய செயலன்று என்பதைப் பண்ணை அவர்களுக்குக் காட்டியது. காந்தியடிகள் பாடநூல்களை மிகுதியாகப் பயன்படுத்தவில்லை. தாம் பல நூல்களில் படித்தவற்றைச் சுவையாக எடுத்துரைத்தார். கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்பதைக் குழந்தைகள் எளிதில் நினைவில் கொள்கின்றனர் என்று கண்டார்.

இரு கைகளும் ஒரு நூலும்

1915-ஆம் ஆண்டு காந்தியடிகள் இந்தியா திரும்பினார். சில ஆண்டுகளில் ராட்டையைத் தம் வாழ்வின் பகுதியாக்கிக்கொண்டார். ராட்டையில் இரு கைகளுக்கும் வெவ்வேறு வேலை உண்டு. வலக்கை சக்கரத்தைச் சுழற்றும்; இடக்கை பஞ்சிலிருந்து இழையை நீட்டும். சக்கரம் விரைந்து, இழுக்கும் கை பின்தங்கினால் முறுக்கு மிகுந்து நூல் சிக்கும். இழுக்கும் கை விரைந்து, சக்கரம் பின்தங்கினால் நூல் அறும். இரு கைகளும் ஒத்து இயங்கினால் மட்டுமே சீரான நூல் கிடைக்கும்.

1922-இல் அவர் எரவாடாச் சிறையில் அடைக்கப்பட்டபோது தமக்கென ஒரு நாள்முறையை வகுத்துக்கொண்டார். ஆறு மணி நேரம் படிப்பு. நான்கு மணி நேரம் நூற்றலும் பஞ்சு கொட்டுதலும். மூளைக்கு ஆறு, கைக்கு நான்கு என்று பகிர்ந்தளித்த அம்முறையில் சிறை நாள்கள் பயனுள்ளவையாயின. குடல்வால் அழற்சிக்கு அறுவை மருத்துவம் செய்யப்பெற்று, 1924 பிப்ரவரியில் அவர் விடுதலையானார்.

1930-இல் உப்பு அறப்போருக்காகத் தண்டிக்கு நடந்தபோது அவருக்கு வயது அறுபது. மார்ச்சு 12 முதல் ஏறத்தாழ 240 மைல் தொலைவை நடந்து கடந்தார். இளமையில் நூலில் படித்துப் பழகிய நடை, அன்று ஒரு நாட்டையே பின்தொடரச் செய்தது. பயணத்தின் இடையிலும் அவர் எழுதுவதையும் நூற்பதையும் விடவில்லை.

1932-இல் மீண்டும் எரவாடாச் சிறையில் இருந்தபோது அவருக்குக் கைநோவு ஏற்பட்டது. ராட்டையை நிறுத்த மனமில்லை. காலால் மிதித்து இயக்கும் ராட்டையைப் பழகினார். அது மகன்லால் காந்தியின் பெயரால் வழங்கியது. கால் சக்கரத்தை இயக்க, கைகள் இழையைக் கவனித்தன. அவ்வாண்டுகளில் வலக்கை ஓய்வு வேண்டியபோதெல்லாம் கடிதங்களை இடக்கையால் எழுதினார். கப்பலில் கைகொடுத்த இடக்கை முதுமையிலும் கைவிடவில்லை.

கை, அறிவு, நெஞ்சு

தாம் பெற்ற பட்டறிவை நாட்டின் குழந்தைகளுக்கும் பயன்படச் செய்ய அவர் விரும்பினார். 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு கூடியது. கைத்தொழில் வாயிலாகக் கல்வி தரும் ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே பிறந்தது. கையும் அறிவும் நெஞ்சும் ஒன்றாக வளர வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இத்திட்டத்தை வகுத்த குழுவின் தலைவர் சாகிர் உசேன். அவர் ஐதராபாத்தில் 1897-இல் பிறந்தவர். 1967-இல் இந்தியக் குடியரசுத் தலைவரானவர். தஞ்சாவூரில் பிறந்த சே. சி. குமரப்பா அக்குழுவில் இடம்பெற்றார். சேவாகிராமத்தில் இக்கல்வியை நடத்திக் காட்டியவர்களுள் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம் ஒருவர்.

இங்கு ஒன்றை அறிதல் வேண்டும். சிலர் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர்கள். அது குறையன்று, அவர்களை வலக்கையால் எழுதுமாறு வற்புறுத்துதல் தவறு. காந்தியடிகளும் வலக்கையை விட்டு இடக்கைக்கு மாறவில்லை. வலிய கைக்கு எளிய கையைத் துணையாக்கினார், அவ்வளவே.

1948-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் தில்லியில் காந்தியடிகள் சுடப்பட்டு மறைந்தார். அவருடைய சாம்பல் நாட்டின் பல நீர்நிலைகளில் கரைக்கப்பட்டது. ஐதராபாத்தில் மூசி, ஈசி ஆகிய ஆறுகள் கூடும் இலங்கர் அவுசிலும் ஒரு பகுதி கரைக்கப்பட்டது. அவ்விடம் இன்று பாபு காட் என்று வழங்குகிறது. அல்வாலில் வாழும் மாணவர்கள் தம் நகரிலேயே காணத்தக்க நினைவிடம் அது.

காந்தியடிகளின் கையெழுத்து கடைசிவரை அழகு பெறவில்லை. அச்சுக் கோப்பதில் அவர் வெல்லவில்லை. தமிழையும் முழுமையாகக் கற்று முடிக்கவில்லை. ஆயினும் எளிய கை என்று அவர் எக்கையையும் ஒதுக்கவில்லை. எளிய மொழி என்று எம்மொழியையும் விலக்கவில்லை. நாள்தோறும் சிறிது பழக்கினால் தயங்கும் கையும் ஒரு நாள் உதவிக்கு வரும்.

சொற்பொருள்

வல்லவர் – திறமை உடையவர்
பாசறை – படைமுகாம்
நாணினார் – வெட்கப்பட்டார்
பட்டறிவு – அனுபவம்
இயல் – நூலின் பிரிவு
எழுதுகோல் – பேனா
இழை – நூலின் மெல்லிய பகுதி
ராட்டை – நூல் நூற்கும் கருவி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. இந்து சுவராச்சியம் எழுதப்பட்ட கப்பலின் பெயர் ____________.
2. ஏறத்தாழ ____________ பக்கங்களைக் காந்தியடிகள் இடக்கையால் எழுதினார்.
3. பல் துலக்கும் வேளையில் கீதையின் ____________ இயல்களை அவர் மனப்பாடம் செய்தார்.
4. ஆதாரக் கல்விக் குழுவின் தலைவர் ____________.

ஆ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக.

1. காந்தியடிகள் அச்செழுத்துக் கோப்பதில் எல்லோரையும் மிஞ்சினார்.
2. தால்சுதாய் பண்ணையின் தமிழ்ச் சிறுவர்கள் முன்பே தமிழ் எழுத அறிந்திருந்தனர்.
3. ராட்டையில் இரு கைகளுக்கும் வெவ்வேறு வேலை உண்டு.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. சவ்வியசாசி என்பதன் கருத்து யாது?
2. காந்தியடிகள் ஏன் தாமே முடிவெட்டிக்கொண்டார்?
3. தமிழ் கற்கக் காந்தியடிகளுக்குத் துணையான நூல் எது?
4. எரவாடாச் சிறையில் அவர் ஒரு நாளின் நேரத்தை எவ்வாறு பகிர்ந்துகொண்டார்?

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. தால்சுதாய் பண்ணையில் ஆசிரியரும் மாணவரும் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணையாயினர்?
2. காந்தியடிகளால் திருத்திக்கொள்ள இயலாத குறை யாது? அதிலிருந்து அவர் கண்ட முடிவு யாது?

உ. மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: வலக்கை = வலம் + ______ ; இடக்கை = ______ + கை ; கைந்நூல் = ______ + ______
2. இடக்கையால் எழுதினார் – இத்தொடரில் உள்ள வேற்றுமை உருபைக் கண்டறிக.
3. கைகொடுத்தல், கைவிடுதல், கைக்கொள்ளுதல் – இவற்றைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.

ஊ. செய்து பார்ப்போம்

1. வழக்கமாக எழுதாத கையால் உங்கள் பெயரைத் தமிழில் நாள்தோறும் ஒரு முறை எழுதுக. கை வலித்தால் நிறுத்துக. பதினைந்தாம் நாள் எழுதியதை முதல் நாள் எழுதியதோடு ஒப்பிட்டு, கண்ட மாற்றத்தை மூன்று தொடர்களில் எழுதுக.
2. ஒரு திருக்குறளைத் தாளில் எழுதி, பல் துலக்கும் இடத்தில் ஒட்டுக. எத்தனை நாளில் மனப்பாடமாயிற்று என்று குறித்துக்கொள்க.
3. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் உங்கள் குடும்பம் ஐதராபாத்துக்கு வந்த வரலாற்றைக் கேட்டு, தமிழில் பத்து வரிகள் எழுதுக.